ஐம்பது அடிக் கரை: அலாஸ்கா பயணக் குறிப்புகள்

முதல் நாள், ஜூலை 18: ஆங்கரேஜிலிருந்து கூப்பர் லேண்டிங்

தம்பி ஆங்கரேஜில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஜூலையிலும் குடும்பத்தோடு கீனாய் ஆற்றுக்குப் போய், ஒரு வருடத்துக்கு வேண்டிய சால்மனைப் பிடித்து வந்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுவான். போனில் படம் அனுப்பி, "ஒரு தடவை நீயே வந்து பாருக்கா" என்பான். இந்த வருடம்தான் வாய்த்தது. தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் டர்னகெய்ன் என்ற கடற்கழி. கடல் வற்றியிருந்த நேரம், சாம்பல் நிறச் சேறு மைல் கணக்கில் கிடந்தது. போர்ட்டேஜ் அருகே பட்டமரங்கள் கூட்டமாக நிற்கின்றன. 1964இல் வந்த 9.2 அளவு நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து, உப்புத் தண்ணீர் வேருக்குள் புகுந்து, நின்றபடியே செத்த மரங்கள். அறுபது வருடம் கழித்தும் விழவில்லை.

மதியம் கீனாய் ஏரி வந்தது. பட்டுப்புடவைக் கடையில் மயில்கழுத்து நிறம் என்று எடுத்துப் போடுவார்களே, அதே நிறத்தில் ஒரு ஏரி முழுக்கத் தண்ணீர். மேலே பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து அனுப்புகின்றன. அந்த மாவு தண்ணீரில் மிதப்பதால் வரும் நிறம் இது. இந்த ஏரியிலிருந்துதான் கீனாய் ஆறு புறப்படுகிறது. ஸ்கிலாக் ஏரியில் புகுந்து வெளியேறி, சோல்டாட்னா ஊரைத் தாண்டி, கீனாய் நகரத்தில் குக் இன்லெட் கடலில் சேர்கிறது. மொத்தம் 132 கிலோமீட்டர். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டெனைனா மக்கள் இதைக் காட்னு என்கிறார்கள்.

வழியில் ரஷ்யன் ஆறு கீனாயில் வந்து சேரும் இடத்தில் இறங்கினோம். கம்பியைப் பிடித்தபடி நீரோட்டத்தின் விசையிலேயே அக்கரைக்குப் போய்வரும் ஒரு படகு அங்கே ஓடுகிறது. கரையில் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் இடிக்க நிற்கிறார்கள். மீனைச் சுத்தம் செய்த பிறகு எலும்பையும் தலையையும் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஓடும் தண்ணீரில் எறியச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். முழுசாகப் போட்டால் ஓரத்தில் ஒதுங்கும். அந்த வாசனைக்குக் கரடி வரும். அப்புறம் கரடிக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து.

"இந்த ஆற்றை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று தம்பியிடம் கேட்டேன். மீன் மாநிலத்துடையது என்றான். எத்தனை பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம் என்பதெல்லாம் மாநில மீன்வளத் துறையும் மீன்வள வாரியமும் முடிவு செய்பவை. கரை நிலத்தில் யார் என்ன கட்டலாம் என்பது மட்டும் உள்ளூர் அரசாங்கத்தின் கையில். அதன் பெயர் கீனாய் பெனின்சுலா பரோ. பரோ என்றால் நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மேயரும் ஒன்பது பேர் கொண்ட சபையும் நடத்துகிறார்கள். நிலப்பரப்பு கேரளாவைவிடக் கொஞ்சம் பெரியது. 2020 கணக்குப்படி மக்கள் 58,799 பேர்.

மீன் மேல் அதிகாரமே இல்லாத ஒரு உள்ளூர் சபை மீனுக்கு என்ன செய்துவிட முடியும்? அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன். இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

இரண்டாம் நாள், ஜூலை 19: சோல்டாட்னா

சோல்டாட்னா சின்ன ஊர், 4,342 பேர். பாலத்துக்குப் பக்கத்தில் சுற்றுலா அலுவலகம். அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் கிங் சால்மனைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் என்ற உள்ளூர்க்காரர் இந்த ஆற்றில் தூண்டிலில் பிடித்தது. 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ. தூண்டிலில் பிடித்த கிங் சால்மனில் உலக சாதனை இன்றும் இதுதான். பத்து வயது மருமகன் அதன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அத்தை, என்னைவிட இது வெயிட்" என்றான்.

அந்த மீனைப் பார்க்கப் பார்க்க மனசு கனத்தது. இப்போது கீனாயில் கிங் அருகிவிட்டது. ஜூலையில் ஏறும் கிங் கூட்டத்தைக் கவலைக்குரியது என்று மாநிலம் அறிவித்திருக்கிறது. கிங் பிடிக்கத் தூண்டில்காரர்களுக்குத் தடை. குக் இன்லெட்டின் கிழக்குக் கரையில் தலைமுறையாக வலை கட்டிய குடும்பங்களின் தொழிலும் 2023இல் நிறுத்தப்பட்டது. இங்கே ரெட் என்று கூப்பிடும் சாக்கை சால்மன்தான் இன்னும் கூட்டம் கூட்டமாக வருகிறது. ஊரே அதை நம்பி நிற்கிறது.

மாலையில் சோல்டாட்னா கிரீக் பூங்காவுக்குப் போனோம். நகராட்சி பராமரிக்கும் இடம். ஆற்றோரம் முழுக்க உயரத்தில் கட்டிய நடைபாதை. பலகை இல்லை, கம்பிவலை மாதிரி சதுரச் சதுர ஓட்டைகள் உள்ள தட்டு. அங்கங்கே தண்ணீருக்குள் இறங்கப் படிகள். தூண்டில்காரர்கள் படி வழியாக இறங்கி, ஆற்றுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றுதான் வீசுகிறார்கள். கரை மண்ணில் ஒரு கால் தடம் இல்லை.

ஏன் இந்த ஓட்டைத் தட்டு என்று குனிந்து பார்த்ததும் புரிந்தது. ஓட்டை வழியாக வெயில் கீழே போகிறது, மழை போகிறது, தட்டுக்கு அடியில் புல் வளர்கிறது. சில இடங்களில் புல் நுனி ஓட்டைக்குள் புகுந்து என் செருப்பைத் தொட்டது. பலகை போட்டிருந்தால் அடியில் இருட்டாகி, புல் செத்து, மண் பொடிந்து, அடுத்த வெள்ளத்தில் கரையே சரிந்திருக்கும்.

ஆள் குறைந்த ஒரு மூலையில் நானும் மருமகளும் தட்டின் மேல் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தோம். ஆறு கலங்கலாக, வேகமாக ஓடுகிறது. ஆனால் கரையை ஒட்டி ஒரு முழத்துக்கு ஓட்டமே இல்லை. தொங்கும் புல்லும் கரையில் வளரும் வில்லோ செடியின் வேரும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருந்தன. கண் பழகியதும் தெரிந்தது: விரல் நீளக் குஞ்சுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். உடம்பின் பக்கவாட்டில் கட்டை விரல் ரேகை பதித்த மாதிரி வரிசையாகக் கறுப்புப் பட்டைகள். எல்லாம் ஓட்டத்தை எதிர்த்து மூக்கை வைத்து அசையாமல் நின்றன. ஒரு பூச்சி விழுந்தது. ஒன்று மட்டும் துள்ளிப் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பியது.

கிங் குஞ்சு கடலுக்குப் போகும் முன் ஏறக்குறைய ஒரு வருடம் ஆற்றிலேயே வளர வேண்டும். நடு ஆற்றின் வேகத்தில் அதனால் நிற்க முடியாது. பெரும்பாலும் கரையிலிருந்து ஆறடிக்குள்தான் வாழ்கிறது. அவ்வளவு பெரிய ஆற்றில் குஞ்சுக்கு வீடு அந்த ஆறடிதான். கரையை மிதித்தால் வீடு போயிற்று.

மூன்றாம் நாள், ஜூலை 20: ரிவர் சென்டரும் ஒரு பெரியவர் வீடும்

தம்பிக்குத் தெரிந்த ஒருவர் மூலம் இன்று கில்மன் ரிவர் சென்டருக்குப் போனேன். பரோவின் மேயராக இருந்த டொனால்ட் கில்மன் பெயர் வைத்த கட்டடம். இதன் சிறப்பு இதுதான்: ஆற்றோரம் ஒரு படி கட்ட வேண்டும் என்றாலும் பரோ, மாநில மீன்வளத் துறை, மாநிலப் பூங்காத் துறை என்று பல இடத்தில் அனுமதி வேண்டும். இங்கே எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே படிவம். ஆறு அடிக்கடி நிறைந்து ஓடும்போது தண்ணீர் தொடும் கோட்டுக்குக் கீழே என்றால் மாநிலம் பார்க்கும், கோட்டுக்கு மேலே என்றால் பரோ பார்க்கும். அலையவிட்டால் மக்கள் அனுமதி கேட்காமலே கட்டிவிடுவார்கள் என்பது தெரிந்து செய்த ஏற்பாடு. இதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

பரோவின் விதி 1996இல் வந்தது. அந்தக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 50 அடி பாதுகாக்கப்பட்ட பகுதி. அந்த 50 அடிக்குள் அனுமதி இல்லாமல் செடிகொடியை மொட்டையடிக்கக் கூடாது, மண் கொட்டி மேடாக்கக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது. நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் இதுதான் விதி. முன்பே இருந்த வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. நடைபாதை வேண்டுமா, கட்டிக்கொள்ளலாம், ஆனால் வெளிச்சம் கீழே போகும் ஓட்டைத் தட்டாக, உயரத்தில் இருக்க வேண்டும். நேற்று படுத்துப் பார்த்தேனே, அந்தத் தட்டு இப்படித்தான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கரையைச் சீர்செய்பவர்களுக்குச் சொத்து வரியில் சலுகையும் உண்டு. மத்திய, மாநில மீன்துறைகள் செலவில் ஒரு பங்கும் தருகின்றன.

அப்புறம் ஆற்றங்கரையில் குடியிருக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எழுபத்தைந்துக்கு மேல் வயது. 1980களில் இந்த இடத்தை வாங்கியவர். காபி கொடுத்துவிட்டு, முதலில் சொன்னதே, 1996இல் அந்த விதியை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியவன் நான் என்பதுதான். என் காசில் வாங்கிய நிலத்தில் 50 அடிக்கு நான் யாரைக் கேட்க வேண்டும் என்று கத்தினாராம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆற்றங்கரை மனையில் 50 அடி என்பது பலருக்குப் பாதி மனை. மீன் குறைந்ததற்குப் படகுக்காரர், கடல் வலைக்காரர் என்று ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தன் புல்வெளிதான் காரணம் என்று சொன்னால் யாருக்குக் கோபம் வராது?

அவருடைய புல்வெளி அப்போது தண்ணீர் வரைக்கும் இருந்தது. வாராவாரம் வெட்டிய, கம்பளம் மாதிரிப் புல். வெட்டும் புல்லுக்கு வேர் ஆழம் போகாது. படகுகள் கிளப்பிய அலை அடியில் மண்ணைத் தின்றது. மேலே தூண்டில்காரர்கள் நின்று மிதித்தார்கள். வருடா வருடம் ஒரு துண்டு நிலம் ஆற்றில் போயிற்று. கல்லைக் கொட்டினால் நிற்குமே என்று நினைத்திருக்கிறார். கல் கொட்டினால் தண்ணீர் கரையோரம் இன்னும் வேகமாக ஓடும், குஞ்சுக்கு ஒதுங்க இடம் இருக்காது என்று அதிகாரிகள் விளக்கினார்களாம். கடைசியில் நிலம் போவதைத் தாங்க முடியாமல்தான் அவர்கள் சொன்ன வழிக்கு வந்தார்.

அந்த வழியை நேரில் பார்த்தேன். கிளையோடு வெட்டிய ஸ்ப்ரூஸ் மரங்களைக் கரையோரம் படுக்கவைத்து, கம்பியால் நங்கூரமிட்டுக் கட்டியிருந்தார்கள். கிளைகள் ஓட்டத்தை உடைத்து, வண்டலைப் பிடித்து வைக்கின்றன. அதற்கு மேலே, தண்ணீரும் மண்ணும் சேரும் விளிம்பில், யானைத் தும்பிக்கை பருமனில் பழுப்பாக நீண்டு கிடந்த உருளையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. குனிந்து தொட்டேன். தென்னை நார்! நான் பொள்ளாச்சிக்காரி. நார் மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். ஈரத்தில் ஊறிய மட்டை வாசனை எனக்குத் தெரியாதா? பெரியவர் கொட்டகையில் மீதமிருந்த ஒரு உருளையைக் காட்டினார். இலங்கைத் தயாரிப்பு என்று சீட்டு தொங்கியது. கயிறு வலைக்குள் நாரை இறுக்கித் திணித்த உருளை. அதில் வில்லோ போத்துகளைச் செருகி வைக்கிறார்கள். நார் ஈரத்தைப் பிடித்து வேரை வளர்க்கும். சில வருடத்தில் நார் மக்கிப் போகும், அதற்குள் வில்லோ வேர் கரையைப் பிடித்துவிடும். இரும்பும் சிமென்ட்டும் மலிந்த நாட்டில், ஆற்றுக்குக் கெடுதல் செய்யாமல் மக்கிப்போகும் ஒரு பொருளைத் தேடி நம் மட்டையிடம் வந்திருக்கிறார்கள். மருமகளிடம், "உன் தாத்தா இந்த நாரில் கயிறு திரித்தவர்" என்று சொன்னேன். அவள் உருளையைக் கட்டிப்பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவர் வீட்டிலிருந்து பார்த்தால் ஆறு முழுசாகத் தெரியாது. தலை உயரத்துக்கு வில்லோ. நடுவே ஒரே ஒரு ஓட்டைத் தட்டுப் பாதை. ஆற்றுக் காட்சி மறைந்துவிட்டது என்று இன்னும் வருத்தம்தான் அவருக்கு. ஆனால் நிலம் போகவில்லை.

2011இல் பரோ சபை இந்த 50 அடியை, சால்மன் ஏறும் என்று மாநிலப் பட்டியலில் உள்ள சின்னச் சின்ன ஓடைகளுக்கெல்லாம் நீட்டியது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. ரத்து செய்ய முயற்சி நடந்தது, குழு போட்டார்கள், 2013இல் விதியைத் திருத்தி எளிமையாக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையைப் பற்றி இங்கே இன்றும் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. எதிர்த்துப் பேசியவரும் ஆதரித்தவரும் மறுநாள் ஒரே கடையில் சாமான் வாங்க வேண்டிய ஊர் இது. தூரத்தில் இருக்கும் தலைநகரம் இந்த விதியைப் போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். உள்ளூர் சபையிடம் போய்க் கத்தலாம். அடுத்த தேர்தலில் மாற்றலாம். அதனால்தான் நின்றது என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள், ஜூலை 21: கீனாய் கடற்கரை

இன்றுதான் தம்பியின் திருநாள். கீனாய் நகரத்தில் ஆறு கடலில் சேரும் இடம். ஜூலை 10 முதல் 31 வரை, காலை 6 மணியிலிருந்து இரவு 11 மணி வரை, அலாஸ்காவாசிகள் மட்டும் சொந்தச் சாப்பாட்டுக்கு வலையில் மீன் எடுக்கலாம். டிப்நெட் என்கிறார்கள். அகலம் ஐந்தடிக்கு மேல் போகாத வளையத்தில் வலை, அதற்கு நீளக் கைப்பிடி. குடும்பத் தலைவருக்கு 25 மீன், கூட ஒவ்வொருவருக்கும் 10. தம்பி வீட்டுக்கு மொத்தம் 55 வரை போகலாம். நான் வெளியாள், வலையைத் தொடக் கூடாது. மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிரே கடலுக்கு அப்பால் ரிடவுட் எரிமலை வெள்ளையாக நின்றது.

மார்பளவு தண்ணீரில் நூற்றுக்கணக்கானவர்கள் வலையைப் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள். வலைக்குள் மீன் முட்டினால் கையில் தெரியுமாம். உடனே திருப்பி, கரைக்கு இழுத்து ஓடி வர வேண்டும். ரெட் கடலிலிருந்து அப்போதுதான் வருவதால் சிவப்பே இல்லை, வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. மீன் கரைக்கு வந்ததும் மருமகள் கத்தரிக்கோலால் வாலின் இரண்டு நுனியையும் வெட்டுவாள், தம்பி மனைவி அனுமதிச் சீட்டில் எழுதுவாள். வால் நுனி வெட்டிய மீன் விற்பனைக்குப் போக முடியாது, பார்த்ததும் தெரிந்துவிடும்.

பக்கத்தில் நின்றவர் வலையில் ஒரு கிங் விழுந்தது. கறுத்த ஈறு, வால் முழுக்கப் புள்ளி. அவர் கரைக்கு இழுக்கவேயில்லை. தண்ணீருக்குள்ளேயே வலையைக் கவிழ்த்தார். ஒரு நொடி அது அசையாமல் கிடந்தது. அப்புறம் ஒரே அடியில் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தக் கூட்டத்தைச் சமாளிப்பது கீனாய் நகராட்சி. 7,424 பேர் உள்ள ஊருக்கு ஜூலையில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். மீன்பிடிப்பை அனுமதிப்பது மாநிலம், கழிப்பறை வைப்பது நகராட்சி. குப்பைத் தொட்டி, போலீஸ், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்காகத்தான் வண்டிக்கும் கூடாரத்துக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். மணல்மேட்டுப் புல்லை வண்டிகள் ஏறி அழிக்காமல் வேலி போட்டிருக்கிறார்கள்.

பெரிய தலைவலி மீன் கழிவு. வெட்டிப் போட்ட தலையும் குடலும் குவிந்தால் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் வரும். கடற்கரைத் தண்ணீரில் கிருமி அதிகமானபோது சோதித்துப் பார்த்து, அந்தக் காகங்களின் எச்சம் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்போது ஆள் போன பிறகு டிராக்டர் வந்து மணலை வாரி, கழிவை அலை வரும் பக்கம் தள்ளிவிடுகிறது. கடல் கொண்டுபோய்விடும். இரவு பதினொன்றேகாலுக்கு நாங்கள் சாமான் ஏற்றும்போது அந்த டிராக்டர் விளக்கு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஓட்டியவருக்குக் கை காட்டினேன், அவரும் காட்டினார்.

31 மீன்.

ஐந்தாம் நாள், ஜூலை 22: திரும்பும் வழி

கிளம்பும் முன் கிளைச் சாலையில் ஒரு ஓடைக்குப் போனோம். சாலைக்கு அடியில் முன்பு சின்ன உருண்டைக் குழாய்தான் இருந்ததாம். குறுகிய குழாயில் தண்ணீர் பாய்ந்து வெளியே விழும் இடத்தில் குழி பறித்துவிடும். வருடங்கள் போகப் போகக் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கும். பெரிய மீன் எகிறும், குஞ்சு எப்படி எகிறும்? குளிருக்கு ஒதுங்க மேலே போக வேண்டிய குஞ்சுகளுக்கு ஒரு குழாயே அணை ஆகிவிடும். இங்கே அதை எடுத்துவிட்டு, ஓடையைவிட அகலமான வளைவு வைத்து, அடியில் கூழாங்கல் பரப்பியிருக்கிறார்கள். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் பாலம் இருப்பதே ஓடைக்குத் தெரியாத மாதிரி தண்ணீர் போகிறது. உள்ளூர்ச் சாலை போடுபவர் கையில் மீனின் வழியும் இருக்கிறது என்பதை இதற்கு முன் நான் யோசித்ததேயில்லை.

ஆங்கரேஜ் வந்து சேர மாலை ஆயிற்று. சமையலறை மேசையில் பிளாஸ்டிக் விரித்து, தம்பி வெட்ட, நான் முள் எடுக்க, அவன் மனைவி பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி மூட, இரவு ஒன்றரை ஆகிவிட்டது. தலைகளை நான் விடவில்லை, புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் சட்டி காலி.

அனுமதிச் சீட்டை மருமகள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறாள். ரெட் 31, கிங் 0. ஆகஸ்ட் 15க்குள் அந்தக் கணக்கை மாநிலத்துக்கு அனுப்பியாக வேண்டும். மறக்கக் கூடாது என்று தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.